கேள்வியே பிழை

ஓய்வுபெற்ற இந்தக் கணக்கு வாத்தியார் சும்மா இருக்காமல் லாரவெல் படித்துக்கொண்டிருப்பது உங்களில் சிலருக்குத் தெரியும். எங்கள் தெருப் பிள்ளைகள் ஐந்து பேருக்காக ஒரு பயிற்சிப் பக்கம் செய்தேன். அதில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

லாரவெலில் கன்ட்ரோலருக்குள் 'ரிட்டர்ன்' போட்டு, மேற்கோள் குறிக்குள் ஒரு வரி எழுதினால் போதும். அது நேரே பிரவுசருக்குப் போய்விடும். தனியாக வியூ கோப்பு வேண்டாம். வேலை மிச்சம் என்று எல்லாக் கேள்விகளையும் அப்படியே அனுப்பினேன்.

ஒரு கேள்வி: "ஏ<பி, சி>0 எனில் ஏசி, பிசி இவற்றில் எது பெரியது?" (நான் தட்டியது ஆங்கில எழுத்தில், குறிக்கு இருபுறமும் இடைவெளி விடாமல்.) நான்கு பேர் 'பிசி' என்றார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் 'சொல்ல முடியாது' என்று எழுதியிருந்தாள். பூஜ்யம் போட்டேன். போதாததற்கு, எல்லார் முன்னாலும் "கேள்வியைப் படிச்சியா இல்லையா?" என்று கடிந்துகொண்டேன்.

அவள் போனை நீட்டினாள். "இப்படித்தான் சார் வந்துச்சு."

திரையில் இருந்தது: "ஏ0 எனில் ஏசி, பிசி இவற்றில் எது பெரியது?"

மென்பொருள் வேலையில் இருக்கும் பழைய மாணவனுக்குப் போன் போட்டேன். "சார், நேரடியா அனுப்புற வரியை பிரவுசர் ஹெச்டிஎம்எல்லாத்தான் படிக்கும். 'சிறியது' குறியை ஒட்டி ஆங்கில எழுத்து வந்தா அதை டேக்னு நினைச்சு, 'பெரியது' குறி வரைக்கும் முழுங்கிடும். பிளேடு கோப்புல இரட்டை நெளிவு அடைப்புக்குள்ள போட்டீங்கன்னா, குறியைக் குறியாவே காட்டும்" என்றான். பிள்ளைகள் தட்டும் பெயரையும் இப்படி நேரடியாகத் திருப்பிக் காட்டினால், யாராவது பெயருக்குப் பதில் ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிட முடியும் என்றும் எச்சரித்தான்.

அன்று இரவே எல்லாவற்றையும் பிளேடுக்கு மாற்றினேன். மறுநாள் அதே நால்வர் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். திரையில் இருந்த கேள்விக்கு அவள் விடைதான் சரி. மற்றவர்கள் ஊகித்து மார்க் வாங்கியவர்கள்.

34 வருஷம் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். "ஏம்மா இப்படி எழுதினே?" என்று கேட்காமல் எத்தனை பேருக்குச் சிவப்புக் கோடு போட்டிருப்பேனோ! அந்தக் கணக்குக்கு மட்டும் என்னிடம் விடை இல்லை.