டிஸ்ப்ளே வரல

ரிச்சி தெருவுக்குள் வர ஆட்டோக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணா சாலையிலேயே இறங்கி, கேபினெட்டைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். எதிரே வருகிறவர்களில் பாதிப் பேர் கையிலும் ஒரு பெட்டி இருந்ததால் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கோளாறு நானே தேடிக்கொண்டது. புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பது என் பிழைப்பு. 16 ஜிபி ரேம் போதவில்லை என்று, ஏற்கெனவே இருந்த இரண்டு ஸ்டிக்குகளுக்குத் துணையாக அதே கம்பெனியின் அதே மாடலில் இன்னும் இரண்டு 8 ஜிபி வாங்கிச் செருகினேன். 32 ஜிபி வந்தது. ஆனால் பெட்டியில் 3200 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்க, டாஸ்க் மேனேஜரோ 2133 என்றது. அக்கா மகனுக்கு போன் போட்டேன். “பயாஸ்ல எக்ஸ்எம்பி ஆன் பண்ணுங்க மாமா, அவ்ளோதான்” என்றான். ஆன் செய்தேன். விசிறி சுற்றியது, விளக்கெல்லாம் எரிந்தது, திரை மட்டும் இருட்டு. மூன்றாவது தடவை உயிர் வந்து, அரை மணி நேரம் ஓடி, நீலத்திரை காட்டிப் படுத்துக்கொண்டது. அதற்குள் நான் சேமித்திருந்த ஒரு நாவலின் 11ஆம் அத்தியாயக் கோப்பு திறக்கவே இல்லை.

மாடிப்படி ஏறினால் பத்துக்குப் பத்து அறை. சுவரோரமாக நாலைந்து போர்டுகள் சட்டையில்லாமல் நிற்கின்றன. ஐம்பதை நெருங்கும் அந்த மெக்கானிக்கைத் தெருவே ‘பாய்’ என்றுதான் கூப்பிடுகிறது. என்ன கோளாறு என்று அவர் கேட்கவில்லை. “கடைசியா என்ன மாத்துனீங்க சார்?” என்றார். ஒரு பொய்யும் சொல்ல முடியாத கேள்வி.

நாலு ஸ்டிக்கையும் கழற்றி ஆளுக்கொரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, பழையவற்றுக்கு 1, 2 என்றும் புதியவற்றுக்கு 3, 4 என்றும் பென்சிலால் எழுதினார். மின்சாரத்தைத் துண்டித்து, போர்டிலிருந்த நாணயம் போன்ற பேட்டரியை நெம்பி எடுத்தார். பக்கத்தில் இருந்த இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் சற்று நேரம் இணைத்துப் பிடித்தார். நான் பயாஸில் செய்துவைத்ததெல்லாம் அதோடு அழிந்தது. பிறகு பள்ளிக்கூடத்து அழிரப்பர். ஸ்டிக்கின் பொன்னிறப் பற்களை அதனால் ஒரே திசையில், மேலிருந்து கீழாக, நாலு இழுப்பு. உதிர்ந்த தூளைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, முதல் ஸ்டிக்கை பிராசசரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். ‘டக்’ என்ற சத்தம் கேட்ட பிறகுதான் கையை எடுத்தார். பவர் பட்டனைத் தேடாமல் ஸ்க்ரூடிரைவராலேயே இரண்டு பின்னைத் தொட்டு உயிர் கொடுத்தார்.

திரை வந்தது.

“ஒரு ஸ்டிக்குக்கு ரெண்டு ஜாதகம் சார்” என்றார், ஸ்டிக்கின் நடுவில் எட்டுக் கால்களோடு உட்கார்ந்திருந்த பொடி சிப்பைக் காட்டி. முதல் ஜாதகம் எல்லாக் கம்பெனிகளும் கூடி ஒத்துக்கொண்டது. என் ஸ்டிக்கில் அது 2133, மின்னழுத்தம் 1.2 வோல்ட். இரண்டாவது, ரேம் செய்தவர் தானாக எழுதிச் சேர்த்தது: 3200, 1.35 வோல்ட். இதுதான் எக்ஸ்எம்பி; இன்டெல் 2007இல் டிடிஆர்3 காலத்தில் கொண்டுவந்த ஏற்பாடு. ஏஎம்டி போர்டுகளில் டிஓசிபி, ஏ-எக்ஸ்எம்பி என்று வெவ்வேறு பெயரில் இருக்கும். இதை ஆன் செய்வதே ஓவர்கிளாக்தான். பெட்டியில் 3200 என்று போடுகிறவர்கள் அதை அதே அளவு எழுத்தில் போடுவதில்லை. ஜாதகம் ஸ்டிக்குடையது; போர்டும் பிராசசரும் பொருந்தி வர வேண்டாமா?

இதற்கிடையே ஒரு பையன் வந்தான். 3600 ரேம் வாங்கினானாம், 2666க்கு மேல் ஏறவில்லையாம். “எச்410 போர்டு, ஐ5-10400 தானே?” என்றார் பாய். ஆமாம். “அதுல அவ்ளோதான் தம்பி. திருப்பி வாங்குவாங்களான்னு கடையில கேளு.” ஸ்டிக்கை அவர் கையில்கூட வாங்கவில்லை.

என் விஷயம் அத்தனை சுலபமாக முடியவில்லை. ஒவ்வொரு ஸ்டிக்கும் தனியாக 3200இல் ஓடியது. 1, 2 ஜோடியாக ஓடின. 3, 4 ஜோடியாக ஓடின. மெம்டெஸ்ட் பென்டிரைவைச் செருகி ஒவ்வொரு சோதனையாக ஓடவிட்டு, பழைய டைரி ஒன்றில் ஸ்டிக் எண், ஸ்லாட், வேகம், முடிவு என்று குறித்துக்கொண்டே வந்தார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். நான் அவசரப்பட்டு, “வோல்டேஜையும் கூடவே கொஞ்சம் ஏத்தலாமா பாய்?” என்றதற்கு, “ரெண்டையும் மாத்துனா எதால சரியாச்சுன்னு யாரைக் கேக்குறது?” என்றார்.

நாலையும் சேர்த்து 3200இல் விட்டபோது மாலை ஆகிவிட்டது. இருபது நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு திரையில் ஒரு சிவப்பு வரி. வந்திருக்க வேண்டியது எட்டு எஃப்; வந்தது ஏழு எஃப்பும் கடைசியில் ஒரு டி-யும். அதாவது முப்பத்திரண்டு பிட்டில் ஒன்று, 1 இருக்க வேண்டிய இடத்தில் 0. என் அத்தியாயத்தைத் தின்றது இப்படி ஒரு பூஜ்யம்தான் என்று நினைத்தபோது கோபம்கூட வரவில்லை. அவ்வளவு சின்னது.

ஸ்டிக்கரைப் பார்க்கச் சொன்னார். மாடல் ஒன்றே, வெர்ஷன் எண் வேறு. பெயரை மாற்றாமல் உள்ளே சிப்பை மாற்றிவிடுவது இந்தத் தொழிலில் சகஜமாம். அது போதாதென்று, ரேமை மேய்க்கிற பகுதி பிராசசருக்குள் இருக்கிறது. என்னுடையது ரைசன் 5 3600. இரண்டு ஸ்டிக் என்றால் 3200 என்றும், ஒற்றை ரேங்க் ஸ்டிக் நாலு என்றால் 2933 என்றும் ஏஎம்டியே அந்தத் தலைமுறைக்கு எழுதி வைத்திருக்கிறது. பாய் அந்த அட்டவணையைப் பார்த்தவரில்லை. டைமிங்கையும் 1.35 வோல்ட்டையும் தொடாமல் வேகத்தை மட்டும் இறக்கினார். வந்து நின்ற இடம் அதே 2933. இரவு முழுக்க ஓடட்டும் என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார்.

வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நொடியை நூறு கோடித் துண்டாக்கினால் ஒரு துண்டு ஒரு நானோ நொடி. கேட்ட தரவு வரத் தொடங்க 3200இல் 10 நானோ நொடி, 2933இல் ஏறக்குறைய 10.9. இந்த முக்காலே அரைக்கால் துளிக்காகத்தான் ஒரு அத்தியாயத்தைப் பறிகொடுத்திருக்கிறேன்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால் திரையில் ஒரு சிவப்பு வரியும் இல்லை. பாய் ஐந்நூறு ரூபாய் கேட்டார். எனக்கு முன்னால் நின்றவர், “ஒரு நம்பரை மாத்துனதுக்கு முந்நூறா?” என்று பாயிடம் பேரம் பேசிவிட்டுப் போயிருந்தார். புது ஸ்டிக் விற்றிருந்தால் பில் போட்டுக் கேள்வியில்லாமல் வாங்கலாம். விடிய விடியக் காத்திருந்து ஒன்றையும் விற்காமல் அனுப்பியதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று அவருக்கே தெரியாதது போல, பணத்தை எண்ணாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கேபினெட்டை மூடும்முன் பார்த்தேன். மாஸ்கிங் டேப் துண்டுகள் ஸ்டிக்குகளில் அப்படியே இருந்தன. கிழிக்கப் போனேன்.

“இருக்கட்டும் சார்” என்றார் பாய். “அடுத்த தடவை வரும்போது வேணும்.”