நாலு விரக்கடை போதும்

குத்துச்சண்டையில் ஆளைச் சாய்க்க ஹூக் இருக்கிறது, அப்பர்கட் இருக்கிறது, பின்கையிலிருந்து பாய்ந்து வரும் கிராஸ் இருக்கிறது. முன்கையால் விடும் ஜாப் பெரும்பாலும் ஆழம் பார்ப்பதற்குத்தான். வலக்கைப் பழக்கக்காரர் இடக்காலை முன்வைத்து நிற்பார். இடது முஷ்டி தாடையோரத்திலிருந்து நேராகக் கிளம்பும். போய்ச் சேரும்போது உள்ளங்கை தரையைப் பார்க்கத் திரும்பும். தோள் உயர்ந்து தாடையை மறைக்கும். போன தடத்திலேயே கை திரும்பி வரும். எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறார், பதறுகிற ஆளா, எந்தக் கையை முதலில் தூக்குகிறார் என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். அதனால் ஜாப் வலித்ததா என்பதைவிட, அது நம்மை என்ன செய்ய வைத்தது என்பதுதான் முக்கியம்.

இதை நான் கற்றுக்கொண்டது நடுவயதில். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, உடம்பை அசையுங்கள் என்றார் டாக்டர். நடைப்பயிற்சி அலுத்துப்போய் வட சென்னையில் ஒரு மொட்டைமாடிப் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தேன். கல்லூரிப் பையன்களுக்கு நடுவே நான் மட்டும் தொப்பையோடு நிற்பேன். மாஸ்டர் முதலில் அடிக்கக் கற்றுத்தரவில்லை, தட்டிவிடக் கற்றுத்தந்தார்.

"ஜாப் வந்தா வலது உள்ளங்கையால லேசா தட்டி விடுங்க சார். நாலு விரக்கடை அசைஞ்சா போதும். தேடிப் போகாதீங்க."

நான் தேடித்தான் போனேன். முகத்துக்கு நேரே ஒன்று வந்தால் அதைப் பாதி வழியிலேயே பிடித்து நிறுத்திவிட வேண்டும் என்ற பதற்றம். அவர் இரண்டு ஜாப் நிஜமாகவே விட்டார். அடுத்தது பாவனை, தோள் மட்டும் அசைந்தது, கை வரவில்லை. என் வலக்கையோ கன்னத்தை விட்டு எங்கோ முன்னால் போய்க் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தது. அவருடைய இடக்கை பக்கவாட்டில் வளைந்து வந்து என் வலது காதில் உட்கார்ந்தது. மெதுவாகத்தான் போட்டார், இருந்தாலும் 'ஙொய்' என்றது.

"பாத்தீங்களா? கதவ நீங்களே தொறந்து குடுத்துட்டீங்க."

காதைத் தடவிக்கொண்டு வீடு திரும்பும்போது எங்கள் மாமாதான் ஞாபகத்துக்கு வந்தார்.

கல்யாணப் பந்தியில் எப்படியும் என் பக்கத்து இலைக்கு வந்துவிடுவார். "என்ன மாப்ளே, இன்னும் வாடகை வீடுதானா?" சிரித்துக்கொண்டே கேட்பார். எதிர்வரிசையில் இருப்பவர்களும் சிரிப்பார்கள். அதோடு விட்டிருக்கலாம். நான் ஆரம்பிப்பேன்: இடம் பார்த்தோம் மாமா, பட்டாவில் சிக்கல்; அப்புறம் வங்கிக் கடன் வட்டி ஏறிவிட்டது; நடுவில் அப்பாவுக்கு ஆபரேஷன் வேறு. அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே பொறுமையாகக் கேட்பார். ஒருமுறை எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப உங்கப்பா வைத்தியத்துலதான் கையக் கடிச்சிருச்சுன்னு சொல்லு" என்றார். இரண்டு இலை தள்ளி அப்பா உட்கார்ந்திருந்தார்.

வாடகை வீடு என்ற குத்து எனக்கு வலிக்கவே இல்லை. வலித்தது அடுத்தது. அதற்கான சரக்கு முழுவதையும் விளக்கம் என்ற பெயரில் நானேதான் எடுத்துக் கொடுத்திருந்தேன்.

குத்துகிறவருக்கும் இதே விதிதான். 1936 ஜூன் 19, நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியம். தொழில்முறைப் போட்டியில் அதுவரை தோல்வியே காணாத ஜோ லூயிஸை ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங் சந்தித்தார். லூயிஸின் பழைய சண்டைப் படங்களைப் போட்டுப் பார்த்து ஷ்மெலிங் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்: ஜாப் போட்ட இடக்கை திரும்பும்போது தாழ்ந்து வருகிறது. அந்தத் தாழ்வுக்கு மேலாக வலக்கையை இறக்கினார். நாலாவது சுற்றில் லூயிஸ் விழுந்தார். 12ஆவது சுற்றில் ஆட்டம் முடிந்தது. 1938இல் அதே மைதானத்தில் முதல் சுற்றிலேயே லூயிஸ் கணக்கைத் தீர்த்தார் என்றாலும், உலகத்தரமான ஜாப் வைத்திருந்தவரே ஓர் இரவு முழுக்க அதற்கு விலை கொடுத்தார்.

எனக்கும் குத்தல் பேச்சு கைவந்த கலை. அதை விடும் உத்தேசமும் இல்லை. ஒன்றைச் சொல்லிவிட்டு, அடடா என்று நானே ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் மனைவியின் பதில் வந்து இறங்குவது சரியாக அந்த நேரத்தில்தான். இப்போதெல்லாம் சொன்ன கையோடு முகத்தை மூடிக்கொள்கிறேன். திரும்ப வருவதை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தால் மட்டுமே வாயைத் திறக்கிறேன்.

போன முகூர்த்தத்தில் மாமா மறுபடி கேட்டார். "ஆமா மாமா, வாடகை வீடுதான்" என்றேன். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "மாமாவுக்கு ரசம்" என்றேன். மிச்சக் கதைக்காக அவர் காத்திருந்தது தெரிந்தது. எனக்கும் நாக்கு அரித்தது; மோர் வரும்வரை அரித்தது.

அப்பாவைப் பற்றி நேராகவே ஏதாவது சொன்னால் அது வேறு கணக்கு. அதற்குப் பதில் வைத்திருக்கிறேன். வாடகை வீட்டுக்கு நாலு விரக்கடை போதும்.