அறுபத்தொன்பதுக்கு அருகில் யார்?



ஜூரோங்கில் ஒரு தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். வாய்விட்டு வாசிக்கும் பயிற்சிக்குப் பிள்ளைகளை இருவர் இருவராக அமர்த்துவது என் வழக்கம். இருவர் திறனும் ஏறக்குறைய ஒத்திருந்தால்தான் வாசிப்பு ஓடும். எனவே, ஒவ்வொருவருக்கும் மிக நெருங்கிய மதிப்பெண் பெற்றவரைத் தேடும் வேலையை எக்செல் அட்டவணையிடம் ஒப்படைத்தேன்.

பெற்றோர் சந்திப்பில் ஒரு தாயார் தயங்கியபடியே கேட்டார்: "டீச்சர், என் மகன் வாசிப்புல பின்தங்கிட்டானா?"

மாணவன் பெற்றது 69. அவனுடன் அமர்த்தப்பட்டவர் பெற்றதோ 58. வகுப்பில் 70 பெற்ற மாணவி ஒருத்தி இருந்தும், கணினி அவளைக் காட்டவில்லை. வீட்டில் அவன் என்ன நினைத்துக்கொண்டிருந்தானோ!

பிழை என்னுடையதே. நான் பயன்படுத்தியது வீலுக்கப் என்னும் தேடல் வாய்பாடு. தோராயப் பொருத்தம் கேட்டால், அது தேடும் எண்ணையோ, அதற்குக் கீழுள்ள எண்களில் பெரியதையோதான் தரும், மேலே பார்ப்பதில்லை. 2021 முதல் பி.எஸ்.எல்.இ தேர்வில் நடைமுறையில் உள்ள அடைவுநிலைகளுக்கு இது மிகச் சரி. 74 பெற்றவர், 75-க்கு எவ்வளவு அருகில் நின்றாலும், 65 முதல் 74 வரையுள்ள ஐந்தாம் நிலைக்கே உரியவர். அந்தப் பழக்கத்தில் வாய்பாட்டை இங்கும் எடுத்து ஒட்டிவிட்டேன்.

நெருக்கத்தைக் காண வழி வேறு. மற்றவர் மதிப்பெண் ஒவ்வொன்றுக்கும் 69-க்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டல் கழித்தல் குறி நீக்கிக் கணக்கிட வேண்டும். 52, 58, 70, 77 என்றால் வேறுபாடுகள் 17, 11, 1, 8. ஆகச் சிறியது 1, விடை 70. குறி நீக்கும் வேலையை ஏபிஎஸ் வாய்பாடு செய்துவிடும். பல இலட்சம் வரிகள் கொண்ட தரவுத்தளத்தில் இப்படி எல்லாவற்றையும் கழித்துப் பார்ப்பது வீண் உழைப்பு. ஏறுவரிசையில் இருந்தால், மேலே ஒன்று, கீழே ஒன்று எடுத்து ஒப்பிட்டாலே போதும்.

மறுவாரமே இணைகளை மாற்றினேன். தாயாரிடம் பிழையைச் சொல்லி மன்னிப்பும் கேட்டேன்.

இன்னொரு சிக்கல் மீதமிருந்தது. 64 பெற்ற பிள்ளைக்கு 58-உம் 70-உம் ஒரே தொலைவு. வரிசையில் முதலில் நிற்பதையே என் வாய்பாடு எடுத்துக்கொள்ளும். அப்படி வரும்போது மட்டும், யாருடன் வாசிக்க விருப்பம் என்று அந்தப் பிள்ளையிடமே கேட்டுவிடுகிறேன்.