முப்பதாம் திகதி

யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து நாங்கள் வெளியேற்றப்பட்ட நாள் 1990 ஒக்டோபர் 30. புத்தளத்தில் வாழும் எங்கள் குடும்பத்துப் பெரியவர்களின் ஞாபகங்களைக் கணினியில் சேர்த்து வருகிறேன். அவற்றைத் தேடி எடுக்க மருமகன் சிறியதொரு ஏ.பி.ஐ. அமைத்துத் தந்தான். 'இத்திகதி முதல் இத்திகதி வரை' என்று இணைய முகவரியோடு சேர்த்து அனுப்பினால் பதிவுகள் வரும்.

இரண்டு இடத்திலும் 1990-10-30 என்று எழுதி அனுப்பினேன். வெறும் பட்டியல்தான் வந்தது. பிழைச் செய்திகூட இல்லை.

பக்கத்திலிருந்த உம்மா, "என்ன மகன், அந்த நாள் இல்லையாமா?" என்றார்.

மருமகனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மாமா, நேரம் எழுதாத திகதியை அது நள்ளிரவு 00:00 என்றுதான் எடுக்கும். தொடக்கமும் முடிவும் ஒரே கணமாகிப் போச்சு. 31க்கு முந்தியவை என்று கேளுங்க."

புலிகளின் ஒலிபெருக்கி அழைத்ததும், ஜின்னா மைதானத்தில் சனம் கூடியதும், இரண்டு மணித்தியாலத்தில் போகச் சொன்னதும் பகலில். நள்ளிரவோடு முடிகிற நாளில் அவை எப்படி அகப்படும்?

மாற்றினேன், பதிவுகள் வந்தன. உம்மாவுடையது மட்டும் இல்லை.

உம்மாவுக்கு மணி ஞாபகமில்லை. "உலையில சோறு இருந்தது மகன்" என்பார். அதனால் திகதியை மட்டும் பதிந்திருந்தேன். நிரல் அதை இலங்கை நள்ளிரவாகக் கொண்டு, உலகப் பொது நேரத்துக்கு மாற்றி, 29ஆம் திகதி 18:30 என்று வைத்திருந்தது. நம் நேரம் ஐந்தரை மணித்தியாலம் முந்தியதல்லவா? நான் கேட்டதோ பொது நேரத்து 30.

திகதியோடு நேரத்தையும் +05:30 என்பதையும் சேர்த்து அனுப்பினேன். இம்முறை பிழைச் செய்தி. இணைய முகவரியில் கூட்டல் குறி வெற்றிடமாக வாசிக்கப்படுமாம். அதற்குப் பதிலாக வீதக் குறி, 2, பி என்று எழுத வேண்டும். எழுதினேன். உம்மா வந்து சேர்ந்தார்.

புத்தளத்துக் காலப் பதிவுகளுக்கு இதுவும் போதாது. 1996 மே மாதம் இலங்கை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தியது. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. எனவே நிரலுக்கு நிலையான எண்ணைக் கொடாமல், 'ஏசியா/கொழும்பு' என்ற நேர வலயப் பெயரைக் கொடுக்கச் சொன்னேன்.

நாளை ஒரு பேரப்பிள்ளை அந்தத் திகதியைக் கேட்டு, வெறும் பட்டியலைக் கண்டால், அப்படியொன்றும் நடக்கவில்லை என்றே நம்பிவிடும். ஆகவே முதற்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: 'திகதிகள் ஊர் நேரப்படி. தொடக்க நாள் சேரும். முடிவு நாள் சேராது. ஒன்றும் வராவிட்டால், கேட்ட விதத்தை ஒருமுறை சரிபார்க்கவும்.'