ஒரு வீட்டுக்கு இரண்டு பத்திரம்

சென்னை அடுக்ககங்களில் புது வீடு வாங்கியவர்களின் பழைய கோப்பைப் புரட்டினால் பெரும்பாலும் இரண்டு ஆவணங்கள் கிடைக்கும். ஒன்று கிரயப் பத்திரம். அதில் வீடே இருக்காது. மனையில் இத்தனை சதுர அடி 'பிரிபடாத பாகம்' என்று மட்டும் இருக்கும். இன்னொன்று கட்டுமான ஒப்பந்தம். கட்டுநர்கள் 'யூ.டி.எஸ்.' என்று சுருக்கிச் சொல்வது அந்தப் பாகத்தைத்தான். அக்கா மகன் வீடு பார்க்கத் தொடங்கியபோது, இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். விற்பனைப் பிரிவில் கேட்டால், "எல்லாப் பத்திரத்திலும் அப்படித்தான் சார்" என்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

அடிப்படை 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் இருக்கிறது. கூட்டுச் சொத்தில் ஒருவர் தன் பங்கை மட்டும் விற்க அதன் 44ஆவது பிரிவு இடம் தருகிறது. அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்காத நிலத்துக்குப் பொருந்திய அதே ஏற்பாடு, மாடி மாடியாக வீடு வாங்கியவர்களுக்கும் கைகொடுத்தது. அடுக்கக விற்பனையை முறைப்படுத்த மகாராஷ்டிரம் 1963லேயே சட்டம் போட்டுவிட்டது. தமிழகத்தில் அடுக்கக உரிமைச் சட்டம் 1994இல்தான் இயற்றப்பட்டது. சென்னையில் அதற்கு வெகு முன்பே அடுக்ககங்கள் எழுந்துவிட்டன.

வரியும் இந்த வழக்கத்தை வளர்த்தது. நிலப் பாகத்தின் மதிப்புக்கு முழு முத்திரைத் தீர்வை. கட்டுமான ஒப்பந்தத்துக்கோ 2023 ஜூலைக்கு முன்புவரை தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். பிரித்து எழுதினால் செலவு குறைந்தது. 2023 டிசம்பரில் அரசு முறையை மாற்றியது. இப்போது புது வீட்டின் முதல் விற்பனைக்கு நிலமும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பில் ஒரே கிரயப் பத்திரம். 50 லட்சம் ரூபாய் வரை 4 சதவீதத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம்.

வீட்டின் அளவைச் சொல்வதிலும் இதே குழப்பம். மாடிப்படி, லிஃப்ட், நடைவழி எல்லாவற்றிலும் ஒரு பங்கைச் சேர்த்துச் சொல்லும் 'சூப்பர் பில்ட்-அப்' அளவுக்குச் சட்டத்தில் வரையறையே கிடையாது. 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம் 'கார்பெட் ஏரியா'வைத்தான் வரையறுத்தது: உட்சுவர்கள் சேரும், வெளிச்சுவர், பால்கனி, தனி மொட்டை மாடி சேராது. 1,000 சதுர அடி என்று விளம்பரப்படுத்தும் வீட்டில் புழங்கும் இடம் 700ஐ ஒட்டி இருக்கலாம். விலையை இந்தச் சிறிய எண்ணால் வகுத்துப் பார்ப்பதுதான் நியாயமான ஒப்பீடு. ஸ்டில்ட் தளத்து கார் நிறுத்தம் பொது இடம், கட்டுநர் அதைத் தனியாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்ததையும் வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும்.

ஆனாலும் எல்லாவற்றையும்விட முக்கியமாக எனக்குப் படுவது யூ.டி.எஸ்.தான். பத்திரம் ஒன்றாகிவிட்டதால் அதன் எடை குறைந்துவிடவில்லை. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதில் ஒரே அளவில் ஆறு வீடுகள் கட்டினால் ஆளுக்கு 400 சதுர அடி நிலம். எட்டு வீடுகள் என்றால் 300. இரண்டு இடத்திலும் வீடு ஒரே அளவு, விலையும் ஒன்று என்றால், இரண்டாமவர் அதே பணத்துக்குக் கால் பங்கு குறைவான நிலத்தையே வாங்குகிறார். எல்லா வீடுகளின் பாகத்தையும் கூட்டினால் முழு மனையும் வருகிறதா என்றும் கேட்க வேண்டும். வராவிட்டால் மிச்சம் யார் பெயரில் நிற்கிறது? பின்னாளில் மேலே இன்னொரு தளம் எழுப்ப அதைக் கட்டுநர் கையில் வைத்திருக்கலாம். அக்கா மகனிடம் கொடுத்த வரைவில் கூட்டுத்தொகை இடித்தது. விளக்கம் எழுத்தில் வரும்வரை அவன் முன்பணம் கொடுக்கவில்லை.

முப்பது, நாற்பது ஆண்டுப் பழைய அடுக்ககங்களை இடித்துக் கட்டும் பேச்சு இப்போது சென்னைத் தெருக்களில் சகஜம். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய அடுக்கக உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் மறுகட்டுமானத்துக்கு வழிவிடுகிறது. அந்தப் பேரத்தில் தேக்குக் கதவுக்கும் இத்தாலிய மார்பிளுக்கும் மதிப்பில்லை. யாருக்கு எவ்வளவு என்று பேசத் தொடங்குவதே கிரயப் பத்திரத்தில் எழுதிய பாகத்தை வைத்துத்தான்.