காரியாபட்டி வழியாகக் கண்டி!

வேலூரில் கிளம்பும் தேசிய நெடுஞ்சாலை 38, திருவண்ணாமலை, திருச்சி, மதுரை என்று ஊர் ஊராக விசாரித்துக்கொண்டே வந்து, காரியாபட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, தூத்துக்குடியில் கடலைக் கண்டதும் 'அப்பாடா' என்று நின்றுவிடுகிறது.

காரியாபட்டிக்கு ஒரு விசேஷம். ஜில்லா விருதுநகர். எம்.எல்.ஏ. தொகுதி திருச்சுழி. எம்.பி. தொகுதி ராமநாதபுரம். கல்யாணத்துக்குப் புடவை எடுக்க மட்டும் மதுரை! 'நீங்க எந்தப் பக்கம்?' என்று கேட்டால், 'எல்லாப் பக்கமும்தாங்க' என்று சிரிக்கிறார்கள்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மளிகைக் கடை. சரக்கு எங்கே எடுக்கிறீர்கள் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"விருதுநகர்ல பருப்பு விலை கேப்பேன். அப்புறம் மதுரை கீழமாசி வீதியில கேப்பேன். நான் ரெண்டு இடத்துக்கும் போவேன்னு ரெண்டு பேருக்குமே தெரியும். அதனாலதான் நியாய விலை வருது. ஒருத்தர்கிட்டயே கடனை ஏத்திட்டோம்னு வைங்க, அப்புறம் அவர் சொல்றதுதான் சார் விலை!"

வெளியுறவு மந்திரிகள் டை கட்டிக்கொண்டு மாநாட்டில் பேசுவதும் இதைத்தான். அண்ணாச்சி சொன்னதற்குச் சாட்சி அவர் ஊர் ரோட்டின் இரண்டு முனைகளிலுமே இருக்கிறது. அந்தக் கதையில் நடுவில் மாட்டிக்கொண்ட கடைக்காரர், இலங்கை.

முதலில் தெற்கு முனை. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பைக் கையில் வைத்திருந்த போர்ச்சுகீசியரை 1658-ல் டச்சுக்காரர்கள் விரட்டினார்கள். எதிர்க்கரையிலும் அதே ஆட்டம். கண்டி அரசர் இரண்டாம் ராஜசிங்கன், போர்ச்சுகீசியரைத் துரத்துவதற்காக 1638-ல் டச்சுக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டார். துரத்தினார்கள். ஆனால் 1656-ல் கொழும்பைப் பிடித்ததும் அரசரிடம் கொடுக்காமல் தாங்களே வைத்துக்கொண்டார்கள்! 'இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கின மாதிரி' என்று சிங்களத்தில் ஒரு பழமொழியே இருக்கிறது.

கண்டி அரச குடும்பம் மதுரைப் பக்கம் பெண் எடுத்த குடும்பம். வாரிசு இல்லாமல் போகவே, 1739-ல் ராணியின் சகோதரரே சிம்மாசனம் ஏறினார். அதாவது நம்ம ஊர் மச்சான்! அப்படி வந்த நாயக்கர் வம்சத்து மன்னர் ஒருவர், டச்சுக்காரர்களைச் சமாளிக்க ஆங்கிலேயரைக் கூப்பிட்டார். 1762-ல் மதராஸிலிருந்து பைபஸ் என்ற தூதர் வந்தார், பேசினார், போனார். காரியம் ஒன்றும் நடக்கவில்லை. டச்சுக்காரர்களுக்குக் கோபம் வந்ததுதான் மிச்சம். 1765-ல் கண்டிக்குள் புகுந்தார்கள். அடுத்த வருஷம் கடற்கரை முழுவதையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

1796-ல் டச்சுக்காரர்களை ஆங்கிலேயர் விரட்டினார்கள். இப்போது கடலில் ஒரே ஒரு கடை! விலை கேட்க வேறு வாசல் கிடையாது. போதாக்குறைக்கு மன்னருக்கும் பிரதானிகளுக்கும் ஆகவில்லை. 1815-ல் கண்டி போயிற்று. கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். 1832-ல் அங்கேயே கண்ணை மூடினார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. ரோட்டின் வடக்கு முனை!

சுதந்திரத்துக்குப் பிறகு இலங்கை சாமர்த்தியமாக இருந்த காலமும் உண்டு. திருகோணமலையில் பிரிட்டிஷ் கடற்படை உட்கார்ந்திருக்க, 1952-ல் அமெரிக்கா முறைத்ததையும் பொருட்படுத்தாமல் சீனாவுக்கு ரப்பரைக் கொடுத்து அரிசி வாங்கியது. கொடுக்கக் கையில் சரக்கு இருந்தது, பேசத் தைரியம் வந்தது.

2017-ல் நிலைமை வேறு. டாலருக்குத் தவித்த நேரத்தில் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 112 கோடி டாலருக்கு, 99 வருஷக் குத்தகையில் சீனக் கம்பெனியிடம் போனது. 2022 ஆகஸ்டில் அங்கே சீனாவின் யுவான் வாங் 5 கப்பல் வர, இந்தியா ஆட்சேபிக்க, கொழும்பு முதலில் 'தள்ளிப் போடுங்க' என்றது, பிறகு 'வாங்க' என்றது. 2024-ல் வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பல் எதுவுமே ஒரு வருஷத்துக்கு வேண்டாம் என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்தது. பெயர் சொல்லாமல் கதவைச் சாத்துவதும் ஒரு கலைதான்! கொழும்புத் துறைமுகத்திலேயே சீனக் கம்பெனியின் டெர்மினல் ஒன்று, அதானியின் டெர்மினல் ஒன்று. எதிரிகள் இரண்டு பேருக்கும் ஒரே திண்ணையில் இடம்.

ஆனால் 2022-ல் கஜானா காலியானபோது இந்தச் சாமர்த்தியம் எதுவும் சோறு போடவில்லை. பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நாள் கணக்கில் வரிசையில் நின்றது சாதாரண ஜனங்கள். இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. தமிழ்நாட்டு அரிசியும் பால் பவுடரும் தூத்துக்குடியிலிருந்தும் கப்பலேறின.

அண்ணாச்சி சொன்னதில் பாதியைத்தான் ராஜதந்திரிகள் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டு இடத்தில் விலை கேட்டால் மட்டும் போதாது, கல்லாவில் காசும் இருக்க வேண்டும். வேலூர்ப் பக்கம் போனால் முத்து மண்டபத்தை ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். ஒரே கடையை நம்பும்படி ஆகிப்போன ஒரு மச்சான் அங்கே தூங்குகிறார்.