ஏழு கோழிகளும் ஒரு குப்பி மருந்தும்

கோழி வளர்ப்பைப் பற்றி எழுதப்போகிறோம் என்றதும் ஆசிரிய நண்பரொருவர் நகைத்தார். தமிழ் படித்தவருக்கு வேறு பொருள் கிடைக்கவில்லையா என்று கேட்டார். படித்தவர் செய்த பிழையொன்றைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான பொருள் எமக்கு இல்லை.

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே சென்று, பனிச்சங்கேணிப் பாலத்தைக் கடந்தால் வாகரை. ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. 2004 மார்கழியில் ஆழிப்பேரலை இவ்வூரை அடித்தது. 2006ஆம் ஆண்டின் இறுதியிலும் 2007 தை மாதத்திலும் போர் ஊர்மக்களை வேரோடு பெயர்த்தது. வெறுங்கையோடு திரும்பியவர் பலருடைய வளவில் முதலில் சேர்ந்த சொத்து இரண்டொரு கோழியே என்று இங்குள்ளோர் சொல்வர். கோழிக்கு வயல் வேண்டாம். காணி உறுதி வேண்டாம். ஏழைப் பெண்ணொருத்தி யாரையும் கேளாமல் செலவிடக்கூடிய காசு ஒன்று உண்டெனில், அது பெரும்பாலும் முட்டைக் காசுதான். பிள்ளையின் கொப்பியும் பேனாவும் அதிலிருந்தே வருகின்றன.

இவ்வூருக்கு மாற்றலாகி வந்த நாம் எட்டுக் கோழி வாங்கினோம். வேலியோரத்தில் வெருகைக் கண்ட பேடை, மாலைப் பொழுதில் தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் காட்சியை ஒக்கூர் மாசாத்தியார் குறுந்தொகையில் பாடியிருக்கிறார். அச்செய்யுளை வகுப்பில் பலமுறை விளக்கிய எமக்குக் கூட்டை ஒழுங்காக அடைக்கத் தெரியவில்லை. முதல் வாரத்திலேயே மரநாய் ஒன்றைக் கொண்டுபோயிற்று; ஏழு எஞ்சின.

அடுத்த வளவு அக்கா எமக்கு ஆசிரியையானார். கணவரை இழந்தவர், அவருடைய மகள் எமது பத்தாந் தர மாணவி. "கூட்டை நிலத்தில வைக்காதீங்க சேர், மாரி வெள்ளம் வரும்" என்று அவர் தொடங்கினார். கூடு இடுப்பளவு உயரத்தில் இருக்கவேண்டும். எச்சம் கீழே விழும்படி கம்புகளை இடைவெளி விட்டு அடித்து, அந்தியில் கோழிகளை எண்ணி அடைக்கவேண்டும். அடைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை போதும்; பேட்டின் செட்டைக்குள் அடங்காத முட்டை பொரிக்காது. ஏழாம் நாள் இரவில் ரோச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நரம்போடாத முட்டைகளை நீக்கிவிடவேண்டும். 21ஆம் நாள் குஞ்சு வரும். முதல் மூன்று நான்கு வாரங்கள் குஞ்சுகளைத் தாயோடு கரப்பில் அடைத்தால், பருந்துக்கும் கீரிக்கும் தப்பும். குறுணல், தவிடு, கறையான், அவித்த மீன் கழிவு ஆகியவை தீன். முட்டை ஓடு உரம்பெற மட்டி ஓட்டை இடித்துப் போடலாம். சிரட்டையில் நன்னீர் எப்போதும் இருக்கவேண்டும்.

அக்கா அறியாத ஒன்றை நாம் நூலில் படித்திருந்தோம். 1926இல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தருகிலும் அறியப்பட்டு, இந்தியாவின் மலைநகர் ஒன்றின் பெயரால் இராணிக்கெட் என்று நம்மிடையே வழங்கும் கொள்ளைநோய் அது. வந்தபின் அதற்கு மருந்தில்லை. வருமுன் காக்கும் தடுப்பு மருந்து உண்டு. வாழைச்சேனைக்குச் சென்று ஒரு குப்பி வாங்கிவந்தோம். ஒரு குப்பி நூறு கோழிக்குப் போதும். கரைத்தால் இரண்டு மூன்று மணி நேரத்துள் முடித்துவிட வேண்டும். எமது ஏழு கோழிகளின் கண்ணிலும் ஒவ்வொரு துளி விட்டோம். மீதியை, விதிப்படி, கொதிநீரிலிட்டு அழித்தோம். வேலிக்கு அப்பால் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. அக்காவைக் கூப்பிட எமக்குத் தோன்றவில்லை.

இரண்டு மாதங்களின் பின் நோய் வந்தது. அக்காவின் பதினான்கு கோழிகளும் பச்சையாகக் கழிந்து, கழுத்து முறுகி, நான்கு நாளில் மாண்டன. அவ்வாரம் அவருடைய மகள் பாடசாலைக்கு வரவில்லை. இடாப்பில் வரவின்மையைக் குறித்தவர் நாமே.

"உங்கட கோழிக்கு ஒண்டும் நடக்கலியே சேர்?" என்று அக்கா கேட்டார். மருந்தைப் பற்றிச் சொன்னோம். ஒரு குப்பி எத்தனை கோழிக்கு என்று கேட்டார். நூறுக்கு என்றோம். அதன்பின் அவர் ஒன்றும் பேசவில்லை.

எமது பேடு பொரித்த குஞ்சுகளில் ஐந்தை அவருக்குக் கொடுத்தோம். அது ஈடாகாது என்பதை அறிவோம். அறியாமையால் அவர் இழந்தார் என்று சொல்லித் தப்ப முடியுமா? அறிந்திருந்தவர் நாம். எட்டுக் கோழி வைத்திருப்பவள் நூறு கோழிக்கான மருந்தைத் தனியே வாங்கமாட்டாள். பண்ணை முதலாளியின் அளவுக்கு அடைக்கப்பட்ட குப்பி ஏழையின் முற்றத்துக்கு வரவேண்டுமானால், முற்றங்கள் ஒன்றுசேர வேண்டும்.

இப்போது நான்கு மாதத்துக்கு ஒருமுறை பத்தாந் தரப் பிள்ளைகள் கொப்பியோடு வீடுவீடாகச் சென்று கோழிகளை எண்ணுகிறார்கள். செலவைக் கோழிக் கணக்கில் பங்கிடுகிறோம். மீன்வாடியில் ஐஸ் வாங்கி, அதில் குப்பியை வைத்துக் கொண்டுவருகிறோம். விடியுமுன், கோழிகள் கூட்டிலிருக்கும்போதே மருந்து விடுகிறோம். கோழியைப் பிடிப்பதில் அக்காவின் மகளே கெட்டிக்காரி. நோயுற்ற கோழிக்கு மருந்து விடுவதில்லை. இறந்ததை வாவியில் எறியாமல் ஆழப் புதைக்கிறோம். புதிதாக வாங்கியதை இரண்டு வாரம் வேறாக வைக்கிறோம்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில், வெப்பத்தை ஓரளவு தாங்கும் தடுப்பு மருந்தொன்றை உருவாக்கினர். மொசாம்பிக்கிலும் தன்சானியாவிலும் பயிற்சி பெற்ற கிராமத்தவரே, பெண்கள் உட்பட, அதனை அயலவரின் கோழிகளுக்கு விடுகிறார்கள். அங்கு இயலும் காரியம் இங்கு இயலாதா? சிறு குப்பியும் ஊர்தோறும் பயிற்சியும் தரும்படி அரசைக் கேட்பது நம் கடமை. 2022இன் நெருக்கடிக்குப் பின், 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்த நாடு இது. முற்றத்துக் கோழியை அற்பமாகக் கருத இந்நாட்டில் எவருக்கு உரிமை உண்டு?

ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம் நாளை ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் வீட்டில் எத்தனை கோழி? விடைகளைக் கூட்டிப் பாருங்கள். ஒரு குப்பிக்குத் தேவையான தொகை ஒரே தெருவில் கிடைத்துவிடும்.